சர்ப்பகந்தியைத் திசு வளர்ப்பில் பெருக்க ஒரே தாய்ச்செடி போதுமா?

கேள்வி:
சர்ப்பகந்தியின் மருந்து அதன் வேரில் இருப்பதால், அறுவடை என்றாலே செடியைப் பிடுங்குவதாகிவிடுகிறது. விதை முளைப்புத் திறனும் குறைவு என்பதால், பிடுங்கிய இடத்தில் அது தானாக மீள்வது அரிது. எனவே திசு வளர்ப்பில் (செடியின் சிறு துண்டுகளைக் குப்பிக்குள் ஊட்ட ஊடகத்தில் வளர்க்கும் முறை) நாற்றுகளை உருவாக்கி, ஒரு பகுதியைக் காட்டிலேயே மீண்டும் நடத் திட்டமிட்டுள்ளோம். செழிப்பான ஒரே செடியின் கணுக்களிலிருந்தே ஆயிரக்கணக்கில் நாற்றுகள் பெறலாம் என்றும், கேலஸ் (உருவமற்ற திசுத்திரள்) வழி இன்னும் விரைவானது என்றும் குழுவில் சிலர் சொல்கிறார்கள். அழிவிலிருந்து காப்பதே நோக்கம் என்னும்போது இது சரியா?

மறுமொழி 1:
சரியல்ல. ஒரு செடியிலிருந்து வரும் நாற்றுகள் எத்தனை ஆயிரமானாலும் மரபளவில் அவை ஒரே செடிதான். அதை வீழ்த்தும் நோய் அத்தனையையும் வீழ்த்திவிடும். ஒரு செடிக்கூட்டத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் காணப்படும் மரபணு வடிவங்களில் பெரும்பாலானவற்றைத் தக்கவைக்க, தற்போக்காகத் தேர்ந்த சுமார் 50 செடிகளிலிருந்தாவது மாதிரி எடுக்க வேண்டும் என்பது பாதுகாப்பு மரபியலில் நெடுநாளாக உள்ள வழிகாட்டுதல். செழிப்பானவற்றை மட்டும் பொறுக்கினால் அந்தப் பன்மை குறையும். மரமஞ்சள் போன்ற கொடிகளில் நிலை இன்னும் கடினம்: ஆண், பெண் பூக்கள் தனித்தனிக் கொடிகளில் பூப்பதால், ஒரே கொடியின் நகல்களை நட்டால் ஒருபோதும் விதை பிடிக்காது. ஒவ்வொரு குப்பியிலும் தாய்ச்செடியின் எண்ணும் எடுத்த இடமும் இருக்கட்டும். பின்னர் எதை எங்கே நடுவது என்பதை அந்தக் குறிப்பே தீர்மானிக்கும்.

மறுமொழி 2:
கேலஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். திசுவில் உருவாவது வேரா தண்டா என்பதை ஆக்சின், சைட்டோகைனின் என்னும் தாவர வளர்ச்சி ஹார்மோன்களின் விகிதம் தீர்மானிக்கிறது என்று ஸ்கூக், மில்லர் என்னும் ஆய்வாளர்கள் 1957-இல் காட்டியதிலிருந்து, உருவமற்ற அந்தத் திசுத்திரளிலிருந்து முழுச்செடியைப் பெறுவது நன்கு அறியப்பட்ட வழிதான். ஆனால் அந்த நிலையில் குரோமோசோம் மாற்றங்கள் எளிதில் நேர்வதால், இனத்தைக் காப்பதற்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பென்சைல் அடினைன் என்னும் சைட்டோகைனினைச் சேர்த்த முராஷிகி–ஸ்கூக் ஊட்ட ஊடகத்தில் இலைக்கோண மொட்டுகளைத் துளிர்க்கச் செய்வதே பாதுகாப்பானது. மருந்துப்பொருள் மட்டுமே தேவையென்றால் கதை வேறு. யூ மரத்தின் செல்களைத் தொட்டிகளில் வளர்த்தே பாக்ளிடாக்சல் என்னும் புற்றுநோய் மருந்தை எடுக்கிறார்கள், அதற்காக மரத்தின் பட்டையை உரிக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பல தாய்ச்செடிகளிலிருந்து, மொட்டு வழியாகவே தொடங்குகிறோம். குப்பியிலிருந்து மண்ணுக்கு மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

மறுமொழி 3:
இழப்பு மிகுவது அந்தக் கட்டத்தில்தான். குப்பிக்குள் ஈரப்பதம் நிறைந்திருப்பதால் இலையின் மெழுகுப் படலம் மெலிந்தும், இலைத்துளைகள் சரியாக மூடாமலும் இருக்கும். வெளிக்காற்று பட்டதும் செடி வாடிவிடும். வேரில் ஒட்டிய ஊடகத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அதிலுள்ள சர்க்கரையில் பூஞ்சை பிடிக்கும். பிறகு மூடிய நிழல் கூடாரத்தில் வைத்து, சில வாரங்களில் ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். இயன்றால் ஒவ்வொரு தாய்ச்செடியின் தண்டு நுனிகளிலும் சிலவற்றைத் திரவ நைட்ரஜனில், −196 டிகிரி செல்சியஸில், சேமித்து வையுங்கள். ஆனால் சிலவற்றை முதலில் உறையவைத்து, மீட்டு, அவை மீண்டும் துளிர்க்கின்றனவா என்று பார்த்த பின்னரே அந்தச் சேமிப்பை நம்புங்கள்.