பண்டார்தரா ஏரிக்கரையில் தண்ணீரில் நின்றுபோன டீசல் கார்: மறுபடி ஸ்டார்ட் செய்யலாமா?

செம்பூர்வாசி, ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மகாராஷ்டிராவில் பண்டார்தரா ஏரிக்குப் பக்கத்தில், ஷெண்டி கிராமத்தில் ஒரு லாட்ஜிலிருந்து எழுதுகிறேன். கரண்ட் இல்லை, போனில் 30 சதவீதம் சார்ஜ்தான் இருக்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் நாலு பேர், கல்லூரிக்கால நண்பர்கள். நேற்று விடியற்காலை செம்பூரிலிருந்து கிளம்பி கசாரா காட், இகத்புரி, கோட்டி வழியாக இங்கே வந்தோம். அக்டோபர் வந்துவிட்டது, மழை ஓய்ந்திருக்கும், ஏரி நிறைந்திருக்கும் என்று நினைத்துத்தான் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஏரி நிறைந்துதான் இருந்தது. இன்று மதியம் கரையோர ரோட்டிலேயே போய் ரத்தன்வாடியில் அம்ருதேஷ்வர் கோயிலைப் பார்த்தோம். மூன்றரை மணிக்கு ரத்தன்கட் மலைப்பக்கம் வானம் கறுத்தது. காரில் ஏறி உட்காருவதற்குள் இடியும் மழையும் சேர்ந்து பிடித்துக்கொண்டது.

திரும்பும் வழியில் ஒரு சின்ன தரைப்பாலம். போகும்போது டயர்கூட நனையவில்லை. வரும்போது செம்மண் தண்ணீர் அதன் மேல் ஓடியது. முன்னால் ஒரு ஜீப் கடந்துபோனது. அது போகும்போது நாமும் போகலாம் என்று பின்னாலேயே இறங்கினோம். பாதியில் என்ஜின் நின்றது. பதற்றத்தில் ஒருமுறை சாவியைத் திருப்பினோம். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், சம்மட்டியால் இரும்பில் அடித்த மாதிரி. அதோடு சரி. ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இறங்கித் தள்ளிக் கரையேற்றினார்கள், பிறகு டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். 'காடி சாலூ கரூ நகா' (வண்டியை ஸ்டார்ட் செய்யாதீங்க) என்று மராத்தியில் கத்தினாராம் அங்கிருந்த பெரியவர். மழைச் சத்தத்தில் எங்கள் காதில் விழவில்லை.

கார் ஆறு வருட டீசல், மேனுவல் கியர். எங்களுடையது இல்லை, நண்பனின் அப்பா ரிட்டயர் ஆனபோது வாங்கியது. காலையில் தண்ணீர் வடிந்து காய்ந்தபின் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? நாளை மும்பை திரும்பியாக வேண்டும்.

சயான் ஒர்க்ஷாப், இரவு 9.58

தம்பி, சாவியைத் தொடாதீங்க. காலையிலும் வேண்டாம், யார் சொன்னாலும் வேண்டாம். முதல் வேலையாக பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி வையுங்க, 10 நம்பர் ஸ்பேனர் போதும்.

என்ன நடந்திருக்கும் என்றால், கார் மூச்சு இழுக்கிற வாய் பெரும்பாலும் முன் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் உயரத்தில் இருக்கும். தண்ணீர் பம்பருக்கு வந்தாலே போதும், முன்னால் போன ஜீப் கிளப்பிய அலை அதை எட்டிவிடும். காற்றோடு தண்ணீரும் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டி நிற்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டர் திருப்பினால், பிஸ்டனைத் தாங்குகிற இரும்புத் தண்டு, அதாவது கனெக்டிங் ராட், வளையும். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சுகிற இடம் பெட்ரோலைவிட ரொம்பக் குறைவு, அதனால் கொஞ்சம் தண்ணீரே போதும். நீங்க கேட்ட 'டக்' அதுவாக இருக்கலாம். ஓடும்போதே நின்ற என்ஜின் என்பதால் அந்த நொடியிலேயே வளைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. எல்லாப் பழியையும் சாவி திருப்பின கை மேல போடாதீங்க.

இப்போ டார்ச் வெளிச்சத்தில் ரெண்டு விஷயம் பார்க்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் திறந்து பேப்பரைத் தொட்டுப் பாருங்க. நனைந்து கூழாக இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அடுத்து ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க. ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். கறுப்பாக இருந்தால் நல்லது, ஆனாலும் ஸ்டார்ட் செய்யலாம் என்று அர்த்தம் இல்லை.

செம்பூர்வாசி, இரவு 10.15

பார்த்தாச்சு அண்ணா. ஃபில்டர் ஈரத் துணி மாதிரி இருக்கிறது, கீழே பெட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர், செம்மண் படிந்திருக்கிறது. ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது. மைனஸ் கழற்றியாச்சு. இங்கே கோட்டியில் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டால் காலையில் வந்து பிரித்துப் பார்க்கிறேன் என்கிறார். சரியா?

முலுண்ட் அக்கா, இரவு 10.22

பிரிக்க விடாதீங்க தம்பி! நான் வாகன இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தவள். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்ப்பதற்கு முன்னால் என்ஜினைத் திறந்தால் கிளெய்ம் சிக்கலாகும். இன்று இரவே கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்து தகவல் பதிவு செய்யுங்க, கிளெய்ம் எண்ணைக் குறித்து வையுங்க. ஃபில்டர், பெட்டியில் தேங்கிய தண்ணீர், காரின் பக்கவாட்டில் சேறு படிந்த உயரம், எல்லாவற்றையும் போட்டோ எடுங்க. தரைப்பாலத்தையும் காலையில் போய் எடுத்துக்கொள்ளுங்க.

பாலிசியில் 'என்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் இருக்கிறதா என்று பாருங்க. சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளத்தால் வந்த சேதம் சேரும், ஆனால் தண்ணீர் புகுந்து என்ஜின் உள்பாகம் கெட்டால் 'பின்விளைவுச் சேதம்' என்று சொல்லி மறுப்பார்கள். அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்தக் கவர். ரோட்சைட் அசிஸ்டென்ஸும் இருந்தால் டோயிங் வண்டியை அவர்களே அனுப்புவார்கள். நாலு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் வேண்டும் என்று கேளுங்க.

ஒருமுறை சாவி திருப்பியதை மறைக்காதீங்க. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்க. பிரித்ததும் சர்வேயருக்குத் தெரிந்துவிடும், அப்போது உங்கள் பேச்சு முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

டோம்பிவிலி வானம், இரவு 10.41

காரைப் பற்றி எனக்குத் தெரியாது, நாளைக்கு நீங்கள் வெளியே போகப்போவதைப் பற்றிச் சொல்கிறேன். மும்பையிலிருந்து பருவமழை விலகும் சராசரி நாள் அக்டோபர் 8. விலகுகிற இந்த நாட்களில் காலையில் வெயில் கொளுத்தும், அந்தச் சூட்டில் சஹ்யாத்ரி மலை மேல் மேகம் கோபுரம் மாதிரி எழும்பி மதியத்துக்கு மேல் இடியாக இறங்கும். ஜூலை மழை நாள் முழுக்கப் பெய்யும். இது ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அதனால்தான் போகும்போது காய்ந்திருந்த தரைப்பாலம் வரும்போது ஆறாக இருந்தது. போட்டோ எடுக்கப் போவதாக இருந்தால் மதியத்துக்குள் முடித்துவிட்டு வாருங்கள். ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்ன கார் மிதக்க ஆரம்பிக்கும். இன்று உங்கள் கார் நின்றதோடு போயிற்று, உருளவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கரையில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள்: மின்னலுக்குக் கூடாரம் பாதுகாப்பே இல்லை. மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டிடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. புனேயில் உள்ள ஐஐடிஎம் என்ற வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி பக்கத்தில் விழும் மின்னலுக்கு எச்சரிக்கை தரும்.

சயான் ஒர்க்ஷாப், இரவு 10.50

அக்கா சொன்னதுதான் சரி, கோட்டியில் பிரிக்க வேண்டாம். மூணு பேர் கோட்டி போய் அங்கிருந்து இகத்புரி ஸ்டேஷன் வந்துடுங்க, கல்யாண், தாதர் வழியா ரயில் இருக்கு. ஒருத்தர் மட்டும் காரோட இருந்தா போதும்.

செம்பூர்வாசி, இரவு 11.05

பாலிசியில் அந்தக் கவர் இருக்கிறது! தகவல் பதிவு செய்தாயிற்று, நாளை பிளாட்பெட் வரும். நண்பன் இப்போதுதான் அப்பாவிடம் பேசினான். ஒரு மணி நேரமாகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கிக்கொண்டிருந்தான். அவர் காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 'நாலு பேரும் சாப்பிட்டீங்களாடா' என்றுதான் கேட்டார். நானும் அவனும் காரோடு இருக்கிறோம்.

செம்பூர்வாசி, வியாழன் மாலை 6.30

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் தேடி வருகிறவர்களுக்கு உதவும். கார் திங்கள் இரவு ஒர்க்ஷாப் வந்து சேர்ந்தது. சர்வேயர் முன்னால் சிலிண்டரைச் சூடாக்கும் நாலு குளோ பிளக்கையும் கழற்றி, பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார்கள். இரண்டு துளைகளிலிருந்து செம்மண் தண்ணீர் பீய்ச்சி வந்தது. பிறகு என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்து ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளந்தார்கள். மூன்றாவது மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கீழேயே நின்றது. ராட் வளைந்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாத அளவுதான், ஆனால் அப்படியே ஓட்டியிருந்தால் ஒருநாள் உடைந்து என்ஜின் பிளாக்கையே கிழித்திருக்கும் என்றார் மெக்கானிக். சாவி திருப்பியதை எழுதிக் கொடுத்தோம். கிளெய்ம் ஏற்கப்பட்டது, எங்கள் பங்காக வரும் தொகையை நாலு பேரும் பிரித்துக்கொள்கிறோம்.

இன்னும் ஒரு சந்தேகம். காருக்குள் புளித்த வாடை அடிக்கிறது. வெயிலில் கதவைத் திறந்து வைத்தும் போகவில்லை.

சயான் ஒர்க்ஷாப், வியாழன் இரவு 7.10

மேல கார்பெட் காய்ந்திருக்கும், அதுக்கு அடியில் ரெண்டு விரல் தடிமனுக்கு ஃபோம் இருக்கு, அது வாரக்கணக்கில் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, ஃபோமை வெளியே எடுத்துப் பிழிந்து காயவைக்கணும். தரையில் ரப்பர் மூடி இருக்கும், அதைத் திறந்தா மிச்சத் தண்ணி வடியும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் பார்த்தீங்கன்னா அது ஏர்பேக் வயர். பேட்டரியைக் கழற்றி பத்து நிமிஷம் கழிச்சுத்தான் அதைத் தொடணும். ஒர்க்ஷாப்பில் சொல்லிச் செய்ய வையுங்க தம்பி, வீட்டு வாசலில் வேண்டாம்.