பழைய இசைத்தட்டுகளுக்கு மலிவான ஃபோனோ பிரீஆம்ப்: நீங்கள் எதை வாங்கினீர்கள், என்ன பட்டீர்கள்?

உவர்மலைக்காரன்:
அப்பா ஒரு காலத்தில் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். அவர் விட்டுச் சென்ற தட்டுகள் இரண்டு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. மச்சான் கொழும்பில் இருந்து ஒரு பிளேயர் கொண்டுவந்து தந்தான். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் மூவிங் மேக்னட் வகை, அதாவது ஊசியோடு ஆடும் சிறு காந்தம்தான் மின்சாரம் உண்டாக்கும். நேராக அம்ப்பின் (ஒலியைப் பெருக்கும் பெட்டியின்) ஆக்ஸ் என்ற சாதாரணத் துளையில் செருகினேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் கொசு பாடுவது போல் ஏதோ கேட்டது.

பிறகுதான் விஷயம் விளங்கியது. இந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது வெறும் நாலைந்து மில்லிவோல்ட். ஆக்ஸுக்குச் சில நூறு மில்லிவோல்ட் வேண்டும். அதோடு, தட்டு வெட்டும்போதே பேஸைக் (தாழ்ந்த ஒலியை) குறைத்து ட்ரெபிளைக் (உயர்ந்த ஒலியை) கூட்டித்தான் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பேஸின் ஆட்டம் பக்கத்துக் கோட்டிலேயே போய் ஏறிவிடும். கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1954இல் கொண்டுவந்த ஆர்ஐஏஏ வளைவு என்ற பொது அளவு அதற்குத்தான். இந்த இரண்டு வேலையையும் செய்வதுதான் ஃபோனோ பிரீஆம்ப்.

இணையத்தில் கிடைத்ததிலேயே மலிவான பெட்டி ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம். பாட்டு வந்தது, கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சலும் வந்தது. மூன்று இரவு அந்தப் பெட்டியைத் திட்டினேன். நாலாம் நாள் பார்த்தால், பிளேயரின் மெல்லிய ஏர்த் வயர் இன்னும் பிளாஸ்டிக் கட்டோடு பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது! பெட்டியின் ஏர்த் திருகில் பூட்டியதும் முக்கால்வாசி போய்விட்டது. மீதி, பெட்டியை அம்ப்பின் மேலேயே வைத்திருந்ததால் அதன் டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வந்தது. ஒரு முழம் தள்ளி வைத்தேன், சரி.

இப்போது வேறு பிரச்சினை. தகரக் கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் வெந்த தட்டுகள் அப்பளம் மாதிரி நெளிந்திருக்கின்றன. பாட்டு ஓடும்போது வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) மூச்சு வாங்குவது போல் உள்ளே வெளியே போகிறது. ஸ்பீக்கர் கிழிந்துவிடுமோ என்று பயம். என்ன செய்யலாம்?

பாலையூற்று:
அண்ணை, அது ஸ்பீக்கரின் குற்றமில்லை. தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, அதாவது இரண்டு செக்கனுக்கு ஒரு சுற்றைவிடச் சற்றுக் கூட. நெளிவு ஊசியைத் தூக்கி இறக்குவதும் அந்த வேகத்தில்தான். காதுக்குக் கேட்காது. ஆனால் பிரீஆம்ப் பேஸைத் தூக்கிக் கொடுக்கும்போது அதையும் சேர்த்துத் தூக்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டிவிடும் லோ கட் சுவிட்ச் உள்ள பெட்டியாகப் பாருங்கள். நான் வைத்திருப்பது ஆர்ட் டிஜே பிரீ டூ. லோ கட், ஒலியின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழ், கார்ட்ரிட்ஜுக்கு ஏற்ப மின்தேக்க அளவை 100க்கும் 200க்கும் மாற்றும் பிகோஃபாரட் சுவிட்ச் மூன்றும் உண்டு. அந்தக் கடைசிச் சுவிட்சை மாற்றிக் கேட்டேன், என் காதுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பெரிங்கர் பிபி400 இன்னும் மலிவு, ஆனால் அதில் திருப்ப ஒன்றுமே இல்லை. நேரான தட்டுக்காரருக்குப் போதும்.

அமெரிக்காவில் இருந்து யாராவது கொண்டுவந்தால் ஏடாப்டரின் முதுகைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230இல் செருகிவிடாதீர்கள். நான் செருகினேன். மணம் இரண்டு நாள் போகவில்லை.

நிலாவெளி ரோட்டு:
வாங்க முன்னம் அம்ப்பின் பின்பக்கத்தை ஒருக்கால் பாருங்கள். என் சித்தப்பாவின் எழுபதுகளின் அம்ப்பில் ஃபோனோ என்று எழுதிய துளையும் பக்கத்தில் ஏர்த் திருகும் இருந்தன. நான் அதைக் கவனிக்காமல் தனிப் பெட்டி வாங்கி, அதை அந்தத் துளையிலேயே செருகினேன். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பிரீஆம்ப். வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் மதிலேறியது. புதிய பிளேயர்களிலும் சிலவற்றில் உள்ளேயே பிரீஆம்ப் இருக்கும். பின்னால் ஃபோனோ, லைன் என்று சுவிட்ச் இருந்தால் அதுதான்.

தம்பலகாமம்:
தம்பி, பெட்டியில் 78 சுற்றுத் தட்டுகளும் இருக்குமே? அதற்கு அகல ஊசி வேறு. 33 சுற்று எல்பி தட்டின் ஊசியை அதில் வைத்தால் கரகரப்புத்தான் வரும், எந்தப் பிரீஆம்ப்பும் அதைத் திருத்தாது. பழைய சூட்கேஸ் பிளேயர் கையில் இருந்தால் அதற்குப் பெட்டி எதுவும் தேவையில்லை. செராமிக் கார்ட்ரிட்ஜுக்கு வலு அதிகம்.

இன்னொன்று, கடலுக்குக் கிட்ட இருக்கிற வீடு உங்களுடையது. ஒரு பக்கம் சத்தம் மங்கினால் பிரீஆம்ப்பை மாற்ற ஓடாமல் பிளேயரையும் பெட்டியையும் இணைக்கும் ஆர்சிஏ பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பிடித்திருக்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும். நான் ஒவ்வொரு மாரி முடிவிலும் துடைக்கிறேன்.

உவர்மலைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பாலையூற்றுத் தம்பி சொன்ன பெட்டியையே எடுத்தேன். லோ கட்டை அமுக்கியதும் வூஃபர் அசையாமல் நின்றது. பேஸ் கொஞ்சம் மெலிந்தது போல் இருந்தது, அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். ஐயா சொன்னபடி 78களைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு நாதஸ்வரத் தட்டு மட்டும் இன்னும் மூன்றாவது நிமிஷத்தில் ஊசியைத் துள்ள வைக்கிறது. அதன் லேபிளில் அப்பா பேனாவால் ‘மாப்பிள்ளை அழைப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறார்.