வாரம் ஒரு நாள் மாத்திரை: மெத்தோட்ரெக்சேட்டை நம்பலாமா?

திருச்சிப்பையன்:
அம்மாவுக்கு வயது 56. விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்குத் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. முடக்குவாதமாம். மெத்தோட்ரெக்சேட் 10 மி.கி., வாரத்தில் ஒரு நாள் மட்டும் என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தேடினால் புற்றுநோய் மருந்து என்கிறது, கல்லீரல், நுரையீரல், ரத்த அணு என்று பயமுறுத்துகிறது. மூட்டுக்கு எதற்கு இது? கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்காரி:
தம்பி, நான் 9 வருடமாகப் போடுகிறேன். வெள்ளி இரவு போட்டால் சனிக்கிழமை முழுக்க வயிற்றைப் புரட்டும், முடியும் கொஞ்சம் கொட்டியது, மறைக்கவில்லை. ஆனால் இது வலி மாத்திரை இல்லை. நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டை அரிப்பதை அடக்குகிற மருந்து, பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். புற்றுநோய்க்குக் கொடுப்பது இதைவிடப் பல மடங்கு. நானும் உங்களைப் போலப் பயந்து ஒன்றரை வருடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன், அதில் கோணிப்போன இடது மணிக்கட்டு இன்றுவரை நிமிரவில்லை.

சந்தேகப்பிராணி:
அக்கா, உங்களுக்கு ஒத்துக்கொண்டது, சரி. வயாக்ஸும் 1999இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கி வந்த மூட்டுவலி மருந்துதான். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து என்று 2004 செப்டம்பரில் மெர்க் நிறுவனமே திரும்பப் பெற்றது. அதுவரை விழுங்கியவர்கள்? அதை விடுங்கள், என் சித்தப்பா கதையைக் கேளுங்கள். இதே மெத்தோட்ரெக்சேட், சீட்டில் கிறுக்கல், கடையிலும் யாரும் வாய் திறக்கவில்லை, தினமும் போட்டுவிட்டார். ஒரு வாரத்தில் வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை, வெள்ளை அணு சரிந்து ஐசியூவில் கிடந்தார். பிழைத்தது பெரிய விஷயம்.

மருந்துக்கடை மேசை:
வயாக்ஸ் கடையில் இருந்தது 5 வருடம். மெத்தோட்ரெக்சேட்டின் வயது எழுபதுக்கு மேல், முடக்குவாதத்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்ததே 1988இல். (சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த விஞ்ஞானி சுப்பாராவின் குழுவுக்கு இதன் பிறப்பில் பங்கு உண்டு.) என்ன கெடுதல் செய்யும் என்று தெரிந்திருப்பதால் முன்னாலேயே பிடித்துவிடலாம். சித்தப்பாவுக்கு நடந்ததுதான் இதில் பெரிய ஆபத்து. அட்டையின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதுங்கள், தினசரி மாத்திரை டப்பாவில் போடாதீர்கள். பக்கவிளைவைக் குறைக்கச் சேர்த்துக் கொடுக்கும் வைட்டமினான ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். சிறுநீர்த் தொற்று என்று யாராவது செப்ட்ரான் என்கிற ஆன்டிபயாடிக் கொடுத்தால் இதைச் சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் விழும். இதற்குப் பயப்படுகிறவர்கள்தான் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை மாதக்கணக்கில் சீட்டில்லாமல் கேட்கிறார்கள், வயிற்றுப்புண், சிறுநீரகம் பற்றி யாருக்கும் கவலையில்லை.

சந்தேகப்பிராணி:
சீட்டில்லாமல் கேட்டால் கொடுப்பது யார் சார்? ஆபத்து மருந்தில் இல்லை, மறதியில் என்கிறீர்கள். தனியாக இருக்கிற எழுபது வயதுக் கிழவிக்கு இரண்டும் ஒன்றுதான். முதலில் அடிக்கடி, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கணும், அதற்கு யார் கூட்டிப்போவது?

வெள்ளிக்கிழமைக்காரி:
அது நியாயமான கேள்வி. எனக்கும் கல்லீரல் எண் இரண்டு தடவை ஏறியது, அளவைக் குறைத்தார்கள், இறங்கியது. பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. பார்க்க ஆளில்லை என்றால் இந்த மருந்து வேண்டாம் என்பேன், ஆனால் தம்பி வீட்டில்தான் இருக்கிறாரே! சென்னை வர முடிந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது.

திருச்சிப்பையன்:
சீட்டை மறுபடி பார்த்தேன், ரத்தப் பரிசோதனை என்று எங்கேயும் இல்லை. ஃபோலிக் ஆசிட்டும் இல்லை. நாளைக்குப் போய் இரண்டையும் கேட்காமல் ஆரம்பிக்க மாட்டேன்.

சந்தேகப்பிராணி:
பார்த்தீர்களா, எழுதவே இல்லை. இதைத்தான் சொன்னேன்.

திருச்சிப்பையன்:
கிழமை மட்டும் முடிவாகிவிட்டது. செவ்வாய் ஆகாதாம், புதன்தான் என்கிறார் அம்மா.