நூறு டிகிரியில் நின்றுபோன யுஎஸ்பி

பேக்கரி அடுப்பின் வெப்பநிலையைப் பதிவு செய்ய ஒரு சின்ன போர்டு செய்திருந்தேன். கம்ப்யூட்டர் வினாடிக்கு ஒருமுறை கேட்கும். போர்டு யுஎஸ்பி வழியாக நேரம், சென்சார் எண், டிகிரி எல்லாம் சேர்த்து ஒரு வரி அனுப்பும். 99.9 வரை நன்றாக ஓடும். 100.0 ஆனதும் அப்படியே நின்றுவிடும்.

யாருக்கும் சூட்டின் மேல்தானே சந்தேகம் வரும்? கேபிளை மாற்றினேன். போர்டை அடுப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்தேன். தனி பவர் உள்ள ஹப் வாங்கினேன். மூன்று நாள் இதிலேயே போனது.

நாலாம் நாள் லினக்ஸில் யுஎஸ்பியில் போய்வருவதைப் பதிவு செய்யும் யுஎஸ்பிமானை ஏற்றி, அதைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தேன். கம்ப்யூட்டர் 128 பைட்டுக்கு இடம் ஒதுக்கிப் படிக்கக் கேட்டிருக்கிறது. அந்தக் கோரிக்கை முடியவே இல்லை. போர்டின் பக்கம் பார்த்தால், 64 பைட் அனுப்பியாகிவிட்டது என்கிறது. அப்புறம்தான் வரியை எண்ணினேன். 99.9 என்றால் 63 பைட். 100.0 என்றால் ஓர் எழுத்து கூடி 64!

என் போர்டு ஓடுவது ஃபுல் ஸ்பீடு என்ற யுஎஸ்பி வேகத்தில். அதில் தரவைச் சுமக்கும் பல்க் பாக்கெட்டின் உச்ச அளவு 64 பைட். அதைவிடச் சிறிய பாக்கெட் வந்தால்தான் செய்தி முடிந்தது என்று ஹோஸ்ட், அதாவது கம்ப்யூட்டர், எடுத்துக்கொள்ளும். முழுசாக 64 வந்தால், கேட்ட அளவு நிறையாதவரை இன்னும் வரும் என்று காத்திருக்கும். போர்டோ அடுத்த கேள்விக்குக் காத்திருக்கும். அளவு 64-இன் மடங்காக இருந்தால் பின்னாலேயே ஒரு பைட்டும் இல்லாத வெற்றுப் பாக்கெட் ஒன்றை அனுப்பியாக வேண்டும். நான் எழுதிய நிரலில் அது இல்லை. மூன்று வரி சேர்த்தேன். அடுப்பு 230-ஐத் தொட்டும் பதிவு நிற்கவில்லை. அதைவிட வேகமான ஹை ஸ்பீடில் செய்பவர்கள் இதையே 512-க்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

அண்ணா, எனக்கு நேர்ந்தது வேறு. வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் பெரிய கோப்பைக் காப்பி செய்தால் பாதியில் உறைந்துவிடும். 30 வினாடி கழித்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் டிஸ்க்கை ரீசெட் செய்யும், மறுபடி ஓடும், மறுபடி உறையும். கெர்னல் பதிவில் ஒவ்வொரு முறையும் யுஏஎஸ் என்ற பெயர் வந்தது. யுஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் ஒரு முறை அது. டிஸ்க் பெட்டியின் சிப்புக்கு அந்த முறை ஒத்துவரவில்லை. அந்தப் பெட்டிக்கு மட்டும் யுஏஎஸ் வேண்டாம் என்று கெர்னலின் விதிவிலக்குப் பட்டியலான குவர்க்ஸில் அதன் அடையாள எண்ணைக் கொடுத்தேன். வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் 400 ஜிபி ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது.

*

சரி தம்பி, பெட்டிக்குத் தனி பவர் உண்டா? யுஎஸ்பி 3 போர்ட்டில் சாதாரணமாக 900 மில்லி ஆம்பியர்தான் கணக்கு. சுழலும் டிஸ்க் கிளம்பும்போது அதுவே பற்றாமல் போகலாம்.

*

தனி அடாப்டர்தான் அண்ணா, முதலில் அதைத்தான் பார்த்தேன்.