காளான் இனங்காண்பதில் இனி யாரிடம் கேட்டுத் தெளிவது?

கேள்வி:
காட்டுக் காளான்களை இனங்காணக் கற்று வருகிறேன். முன்பெல்லாம் ஐயம் எழுந்தால் இணையத்தில் தேடுவேன். இப்போது தேடினால், ஒரே வாக்கியங்களைச் சற்றே மாற்றி அடுக்கிய பக்கங்களும், எந்தக் காட்டிலும் முளைத்திராத காளான்களின் படங்களுமே முன்னால் வந்து நிற்கின்றன. எனவே மனிதர்களிடம் மட்டுமே கேட்பதென முடிவு செய்துள்ளேன். ஆனால் என் நண்பர்களில் எவருக்கும் இத்துறை தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
தங்கள் அச்சம் வீணானதன்று. செயற்கை நுண்ணறிவு எழுதியவையாகத் தோன்றிய காளான் வழிகாட்டி நூல்கள் 2023-இல் அமேசானில் விற்பனைக்கு வந்தபோது, அறியப்பட்ட ஆசிரியர்களின் நூல்களை மட்டுமே வாங்குமாறு நியூயார்க் காளானியல் சங்கம் எச்சரித்தது. இத்தகைய சங்கம் ஒன்றில் சேர்ந்து, காளானைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், படம் போதாது. 'டெத் கேப்' எனும் நச்சுக் காளானின் அடியிலுள்ள கிண்ணம் போன்ற உறை பெரும்பாலும் மண்ணுக்குள் மறைந்திருப்பதால், தண்டை அறுத்தெடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது. உண்ணத்தக்க வைக்கோல் காளானுக்கும் அதே போன்ற உறை உண்டு என்பதுதான் சிக்கல். தொப்பியைத் தாளில் கவிழ்த்து ஓரிரவு வைத்தால், முன்னதன் ஸ்போர் (விதை போன்ற நுண்தூள்) படிவு வெண்மையாகவும் பின்னதன் படிவு இளஞ்சிவப்பாகவும் இருக்கும். இதை அனுபவமுள்ள ஒருவர் அருகிலிருந்து காட்ட, இரண்டு மூன்று பருவங்களாவது பார்த்துப் பழக வேண்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் மனிதர் என்பதாலேயே நம்பிவிடலாகாது. நான் இருந்த குழுவொன்றில் எல்லாக் கேள்விகளுக்கும் உடனுக்குடன் உறுதியாக விடையளித்த ஒருவர், எப்படித் தெரியும் என்று கேட்டபோது, சாட்பாட்டிடம் கேட்டுத்தான் சொல்வதாகக் கூச்சமின்றி ஒப்புக்கொண்டார். (அவர் மீது எனக்குக் கோபமில்லை, அவருக்கு இருந்தது உதவும் எண்ணம்தான்.) டெத் கேப்பின் நஞ்சு பொதுவாக உண்டு 6 மணி நேரத்துக்குப் பிறகே அறிகுறி காட்டும் என்பதால், இங்கே தவறான விடை உடனே தன்னைக் காட்டிக்கொடுக்காது. ஆகையால், தாங்களே பறித்துப் பார்த்ததுண்டா, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று எவரிடமும் கேளுங்கள். அனுபவசாலிகள் இக்கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை; அடிப்பகுதி இல்லாமல் சொல்ல முடியாது என்று பாதியில் நிறுத்துபவர்களும் பெரும்பாலும் அவர்களே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இதுவரை நான் தண்டை அறுத்துத்தான் எடுத்து வந்திருக்கிறேன். சேர்த்து வைத்திருந்தவற்றை இன்றே அப்புறப்படுத்திவிடுகிறேன்.