ஒரே நோயாளிக்கு இரண்டு ஓ.பி. எண்: மெர்ஜ் பண்ணலாமா?

கவுன்டர்_பயிற்சி (கொழிஞ்சாம்பாறை)

வணக்கம். மெடிக்கல் அசிஸ்டன்ட் பயிற்சியில் இப்போது பதிவு கவுன்டரில் என் முறை. கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆட்களும் வருகிறார்கள், கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். சர்க்கரைக்குப் பார்க்கும் ஓர் அம்மாவுக்கு இரண்டு ஓ.பி. (புறநோயாளி) எண்ணில் இரண்டு பதிவு இருக்கிறது. ஒன்றில் "செல்வி எம்", வயது 52. மற்றதில் "ஆர். செல்வி", வயது 54. மொபைல் எண் ஒன்றுதான். பழைய எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிசல்ட் முதல் எண்ணில் கிடக்கிறது. டாக்டர் இன்று திறந்தது இரண்டாவது எண், அதில் ஒன்றுமே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கும் மெர்ஜ் பட்டன் என் லாகினிலும் தெரிகிறது. அமுக்கலாமா? இனி இப்படி இரட்டைப் பதிவு விழாமல் இருக்க எப்படித் தேடணும்?

பதிவறை_பாலக்காடு

அமுக்க வேண்டாம் தம்பி. ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருந்தால் தொந்தரவு, அவ்வளவுதான். இரண்டு ஆள் ஒரே எண்ணில் கலந்துவிட்டால் ஆபத்து. ஒருத்தர் அலர்ஜி இன்னொருத்தர் பேரில் ஏறும், ஒருத்தர் சர்க்கரை அளவுக்கு இன்னொருத்தருக்கு இன்சுலின் எழுதப்படும். பல சாஃப்ட்வேரில் மெர்ஜ் பண்ணினதைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. பிரிக்க முடிந்தாலும் எந்த ரிசல்ட் யாருடையது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்கணும்.

மொபைல் எண் ஒன்றாக இருப்பது சாட்சி ஆகாது. வீட்டுக்கே ஒரு போன் என்று இருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. ஒரே வீட்டில் ஓரகத்திகள் இருவருக்கும் செல்வி என்றே பேர் இருந்தால் நீ சொன்ன இரண்டு பதிவும் அப்படியே பொருந்தும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: அந்த அம்மாவிடம் "நீங்க செல்விதானே?" என்று கேட்காதே. அவசரத்திலும், காது மந்தமாக இருந்தாலும், ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். "உங்க முழுப் பேர் சொல்லுங்கம்மா, பிறந்த தேதி என்ன, அப்பா பேர் என்ன, வீட்டுக்காரர் பேர் என்ன" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வை. எம் என்பது அப்பா பேரும் ஆர் என்பது வீட்டுக்காரர் பேரும் என்று வந்தால் முக்கால்வாசி முடிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறுவது நம் பெண்கள் விஷயத்தில் இரட்டைப் பதிவுக்கு முதல் காரணம். பிறகு பழைய ஓ.பி. சீட்டு, விலாசம், முன்பு சாப்பிட்ட மாத்திரை எல்லாம் ஒத்துப் பார். இரண்டு பதிவிலும் இரத்த வகை எழுதியிருந்து அது வேறு வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்து.

ஒரே ஆள்தான் என்று தெரிந்ததும் இரண்டு எண்ணையும் டாக்டரிடம் சொல், பழையதையும் திறந்து பார்க்கட்டும். மெர்ஜ் நடக்கும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை. பதிவறைக்கு எழுத்தில் கோரிக்கை கொடு: இரண்டு எண்ணும், எதை வைத்து ஒரே ஆள் என்கிறாய் என்பதும், உன் பேர், தேதி, நேரம்.

லேப்_மேசை_சித்தூர்

(ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்.)

லேப் பக்கத்திலிருந்து ஒன்று. மெர்ஜ் பண்ணுவதற்கு முன்னால் அந்த எண்ணில் முடியாத டெஸ்ட் ஏதாவது நிற்கிறதா என்று எங்களிடம் கேட்கச் சொல்லுங்கள். டியூப்பில் ஒட்டிய பார்கோடு பழைய எண்ணில் இருக்கும். நடுவில் அந்த எண்ணை மூடிவிட்டால் மெஷின் அனுப்பும் ரிசல்ட் யார் பேரிலும் சேராமல் தொங்கும். ரிசல்ட் வந்து, டாக்டர் பார்த்து, பில்லும் முடிந்த பிறகு மெர்ஜ் பண்ணினால் வம்பில்லை.

எண் தப்பு என்று தெரிந்தால் டியூப்பின் மேல் வேறு லேபிள் ஒட்டி அனுப்பாதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள். யாருடைய இரத்தம் என்பதில் சந்தேகம் வந்தால் மறுபடி எடுப்பதுதான் வழி. லேபிள் ஒட்டுவது எப்போதுமே இரத்தம் எடுத்த பிறகு, நோயாளி கண் முன்னால். முன்கூட்டியே ஒட்டி வரிசையாக அடுக்கி வைத்த டியூப்தான் ஆள் மாறும்.

பதிவறை_பாலக்காடு

சரியாகச் சொன்னீங்க. மெர்ஜ் முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. அலர்ஜிப் பட்டியலும் மருந்துப் பட்டியலும் இரண்டிலிருந்தும் வந்து சேர்ந்ததா என்று டாக்டரோ நர்ஸோ ஒருமுறை பார்க்கணும். காகித ஃபைல் இருந்தால் பழைய அட்டையில் "இன்ன எண்ணைப் பார்க்கவும்" என்று எழுதி, உள்ளே இருக்கும் தாள்களைப் புதிய ஃபைலுக்கு மாற்று. எதையும் கிழிக்காதே, ஒயிட்னர் பூசாதே. தப்பான எழுத்தின் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைப்படி உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கணும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கணும். கோயம்புத்தூருக்கு மேல் சிகிச்சைக்குப் போகிறவர் கேட்கும்போது பாதி ஒரு எண்ணிலும் பாதி இன்னொன்றிலும் கிடந்தால் பாதிதான் கையில் போகும்.

முன்மேசை_வாளையார்

தேடுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதுதான் நோய்க்கே மருந்து.

முழுப் பேரை அடித்துத் தேடாதீங்க. முதலில் மொபைல் எண். வரவில்லை என்றால் பேரின் முதல் மூன்று நான்கு எழுத்து மட்டும், கூடவே ஆணா பெண்ணா என்பது. இனிஷியலை விட்டுவிடுங்கள், தமிழ்நாட்டுச் சீட்டில் முன்னால் நிற்கும், இங்கே பின்னால் நிற்கும். புள்ளி இருக்கும், இல்லாமலும் இருக்கும். பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் பாருங்கள். கனகராஜை நடுவில் ஜி போட்டும் எழுதியிருப்பார்கள், கே போட்டும் எழுதியிருப்பார்கள். லதாவில் டி-க்குப் பிறகு எச் இருக்கலாம், இல்லாமல் போகலாம். சுப்பிரமணி ஒருமுறை சுப்பிரமணியன் ஆகியிருப்பார்.

வயது இன்னொரு குழி. வயதை மட்டும் அடித்தால் பல சாஃப்ட்வேர் பிறந்த தேதியை ஜனவரி 1 என்று தானே போட்டுக்கொள்ளும். அதனால் பெரியவர்களுக்கு முன்னும் பின்னும் ஐந்து வயது விட்டுத் தேடுங்கள். ஜனவரி 1 என்று கண்டால் அதை அடையாளமாக எடுக்காதீங்க. பொங்கலை, தீபாவளியை வைத்துச் சொல்லும் பாட்டிகளுக்குத் தோராயம் என்று குறித்துவிடுங்கள்.

புதுப் பதிவு போடும்போது அடையாள அட்டையில் உள்ளபடி பேர், இனிஷியல் தனிக் கட்டத்தில், அது யார் பேர் என்பது விரிவாகக் காப்பாளர் கட்டத்தில். கேரள அரசின் காருண்யா காப்பீட்டு அட்டையோ தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ இருந்தால் அதில் உள்ள பேர் எப்படி என்றும் பாருங்கள், பேர் ஒத்துப்போகாவிட்டால் காப்பீட்டுக்கு முன் அனுமதி கேட்கும்போது இழுக்கும். 14 இலக்க ஆபா எண் (மத்திய அரசின் சுகாதாரக் கணக்கு எண்) இருந்தால் ஏற்றுங்கள், தேடுவது சுலபமாகும். ஆனால் அது அவரவர் விருப்பம். இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது.

கவுன்டர்_பயிற்சி (கொழிஞ்சாம்பாறை)

ரொம்ப நன்றி. அந்த அம்மாவிடம் கேட்டாச்சு, எம் என்பது அப்பா பேர், ஆர் என்பது வீட்டுக்காரர் பேர். கோரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னொரு சந்தேகம்: இரட்டைக் குழந்தைகள் வந்தால்? தேதி, அம்மா பேர், போன், சில சமயம் ஆணா பெண்ணா என்பதும் ஒன்றாகவே இருக்குமே?

பதிவறை_பாலக்காடு

அதற்குத்தான் பிறந்த உடனே அம்மா பேரோடு "குழந்தை 1", "குழந்தை 2" என்று தனித்தனி எண், பிறந்த நேரம் நிமிஷத்தோடு, கையிலோ காலிலோ அடையாளப் பட்டை. பேர் வைத்த பிறகு வந்தால் அதே எண்ணில் பேரை மட்டும் மாற்று, புது எண் போடாதே. தடுப்பூசிப் பதிவு பழைய எண்ணில்தான் இருக்கும். பேர் மாற்றும்போது எது 1, எது 2 என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பிறந்த நேரத்தைப் பார்த்து உறுதி பண்ணிக்கோ. அம்மா ஞாபகத்தை மட்டும் நம்பாதே, பாவம் அவர்களுக்குத் தூக்கமே இருக்காது. எடை குறிக்கும்போதும் ஒரு குழந்தை முழுக்க முடிந்த பிறகே அடுத்த குழந்தையின் பதிவைத் திற. எடையை வைத்துத்தான் மருந்தின் அளவு.