கேப்பை மால்ட் தண்ணீர் இனிக்கவே மாட்டேன் என்கிறது, பையும் அடைத்துக்கொள்கிறது. யாராவது உதவுங்கள்

பாளை மாடி:
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் மெல்பனில் அக்கா வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அத்தான் சனிக்கிழமை ஆனால் கார் ஷெட்டில் ஒரு பெரிய பானையை ஏற்றுவார். அதற்குள் வலைத்துணிப் பையை விரித்து, உடைத்த பார்லி மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காய வைத்த பார்லியைக் கொட்டி, ஒரு மணி நேரம் மூடி வைப்பார். பையைத் தூக்கினால் அடியில் தேன் நிறத்தில் தண்ணீர் நிற்கும். அதில் ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க விட்டு, ஆற வைத்து, ஈஸ்ட் விட்டு பீர் ஆக்குவது அவர் பாடு. எனக்குப் பிடித்தது ஹாப்ஸும் ஈஸ்ட்டும் சேர்ப்பதற்கு முந்தைய அந்தத் தண்ணீர்தான். சூடாக ஒரு தம்ளர் குடித்தால் அப்படி ஒரு தானிய இனிப்பு.

அதை மட்டும் இங்கே பாளையங்கோட்டையில் செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். மளிகைக் கடையில் பார்லி ஒரு கிலோ வாங்கி ஊற வைத்தேன். மூன்று நாள் ஆகியும் ஒரு மணி கூட முளைக்கவில்லை, நாற்றம்தான் வந்தது. சரி என்று ஒரு கிலோ கேப்பைக்கு மாறினேன். நன்றாக முளைத்தது. காய வைத்து, மில்லில் கொடுத்து மாவாக அரைத்தேன். நைலான் கொசுவலையில் பை தைத்து, அதில் மாவைப் போட்டு, தளதளவென்று கொதித்த தண்ணீர் ஐந்து லிட்டர் ஊற்றி மூடி வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் பசை. சுவரொட்டி ஒட்டலாம். பையைத் தூக்கினால் ஒரு சொட்டு இறங்கவில்லை. பிழிந்ததில் வந்தது சாம்பல் நிறக் கூழ், இனிப்பு துளியும் இல்லை. மறுநாள் காலையில் புளித்துப் பொங்கியிருந்தது. எங்கே தப்பு?

சும்மா வந்தேன்:
உப்பும் மோரும் வெங்காயமும் போட்டுக் குடித்திருக்கலாமே வே. அதற்குப் பெயர் கேப்பைக் கூழ்.

அம்பைக்காரன், ஜீலாங்:
தம்பி, நானும் பை முறையில் செய்கிறவன்தான். இந்த முறையைப் பரப்பியதே ஆஸ்திரேலியாக்காரர்கள்தான். மூன்று அடுக்குப் பாத்திரமும் குழாயும் இல்லாமல், ஒரு பானை ஒரு பையில் வேலை முடிய வேண்டும் என்று கண்டுபிடித்த சோம்பேறி வழி. சோம்பேறி வழி என்றாலும் சூட்டில் மட்டும் சோம்பல் கூடாது.

உங்கள் பார்லி ஏன் முளைக்கவில்லை என்றால், மளிகைக் கடையில் கிடைப்பது உமியும் மேல்தோலும் தீட்டிய பார்லி. முளைக்கருவும் அதோடு போய்விடும். பச்சரிசியை விதைத்து நெல் எதிர்பார்க்கிற மாதிரிதான்.

அடுத்து தண்ணீர். தானியம் முளைக்கும்போது, உள்ளே இருக்கிற மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி உண்டாகிறது. அதற்கு 62-லிருந்து 68 டிகிரி வரை சூடு வேண்டும். 70-ஐத் தாண்டினால் ஒரு வகை நொதி சீக்கிரமே செத்துவிடும். 80-இல் மிச்சமும் காலி. நீங்கள் கொதிநீரை அப்படியே ஊற்றியிருக்கிறீர்கள். நொதி செத்தது, மாவு வெந்தது, பசை கிடைத்தது.

ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் என்ற கணக்கு சரிதான். நம் ஊரில் தானியமே 32 டிகிரியில்தான் இருக்கும், அதனால் தண்ணீரை 69-க்குக் கொண்டுவந்து தானியத்தைப் போட்டால் 66-இல் வந்து நிற்கும். இங்கே ஆஸ்திரேலியாவில் குளிர்காலத்தில் என் ஷெட்டில் மால்ட் 12 டிகிரியில் கிடக்கும், நான் 70-க்கு மேல் வைத்தால்தான் அதே 66 வரும்.

கொசுவலையைத் தூக்கிப் போடுங்கள். சில வலைகளில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். எது ஏற்றியது, எது ஏற்றாதது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பாளை மாடி:
நன்றி அண்ணாச்சி. தெர்மாமீட்டருக்கு என்ன செய்ய? வீட்டில் இருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டர் 42-க்கு மேல் காட்டாது.

அம்பைக்காரன், ஜீலாங்:
அதை முக்கிவிடாதீர்கள், உடைந்து பாதரசம் கலந்தால் பானையோடு கொட்ட வேண்டியதுதான். சமையலுக்கு என்றே கம்பி மாதிரி தெர்மாமீட்டர் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். அதுவரைக்கும் கலவைக் கணக்கு: கொதிக்கிற தண்ணீர் ஐந்தரைப் பங்கு, குழாய்த் தண்ணீர் நாலரைப் பங்கு. குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்றால் கலவை 68, 69-க்கு வரும். பாத்திரத்தை முதலில் வெந்நீர் ஊற்றி அலசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவே இரண்டு மூன்று டிகிரியைத் தின்றுவிடும்.

அல்வாக் கை:
திருநெல்வேலி டவுனில் அல்வாக் கடையில் இருபது வருஷம் கோதுமைப் பால் பிழிந்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். சம்பா கோதுமையை ஊற வைத்து, ஆட்டி, துணியில் பிழிந்தால் வெள்ளைப் பால் இறங்கும். அந்தப் பாலில் இருப்பது மாவுதான், இனிப்பு இல்லை. இனிப்பு நாங்கள் போடும் சீனியில் வருகிறது. உங்கள் பையிலிருந்து இறங்குவதும் பால் போலக் கலங்கி இருந்தால் மாவு மாவாகவே இருக்கிறது என்று அர்த்தம். மாறியிருந்தால் தெளிவாக, விரலில் ஒட்டுகிற மாதிரி இறங்க வேண்டும்.

பிறகு மில் அரவை வேண்டாம். மாவாக அரைத்ததை எந்தத் துணியில் கட்டினாலும் துணிக்கண் அடைக்கும். மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, ரவை பதத்தில் எடுங்கள்.

அம்பைக்காரன், ஜீலாங்:
அல்வா அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. மாவு மாறியதா என்று பார்க்க மருந்துக் கடையில் டிஞ்சர் அயோடின் வாங்கி வையுங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டுத் தெளிவை எடுத்து, நன்றாக ஆறவிட்டு, மேலே ஒரு சொட்டு அயோடின். கருநீலம் ஆனால் மாவு இருக்கிறது, பழுப்பு நிறமாகவே நின்றால் மாறிவிட்டது. சூடாக இருக்கும்போது பார்த்தால் மாவு இருந்தாலும் நீலம் காட்டாது, ஏமாந்துபோவீர்கள். தட்டில் வைத்த சொட்டைத் திரும்பப் பானையில் ஊற்ற வேண்டாம்.

பாளை மாடி:
ஐந்து நாள் கழித்து வருகிறேன். கம்பித் தெர்மாமீட்டர் வாங்கியாச்சு. அம்மாவின் பழைய வாயில் சேலையில் தையல்காரரிடம் பை தைத்தாச்சு. கேப்பை ரவை பதம், ஒரு கிலோ. தண்ணீர் 69, தானியம் போட்ட பிறகு 66. பானையைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி வைத்தேன், ஒன்றரை மணி நேரம் கழித்தும் 63 இருந்தது. எல்லாம் சொன்னபடி.

பை இந்த முறை நன்றாகவே வடிந்தது. ஆனால் தண்ணீர் இனிக்கவில்லை! அயோடின் விட்டால் பேனா மை மாதிரி கருநீலம். அண்ணாச்சி, நொதி எங்கே போனது?

சும்மா வந்தேன்:
மெல்பனுக்கே திரும்பிப் போயிருக்கும்.

டவுன் ஆச்சி:
ஐயா, நான் பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் கேப்பை முளைகட்டிக் கொடுத்தவள். ஒன்று கேட்கிறேன். காய வைத்த பிறகு வறுத்தீர்களா?

பாளை மாடி:
நான் வறுக்கவில்லை ஆச்சி. காய வைத்ததோடு சரி.

பாளை மாடி:
இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். "வறுக்காம எப்படிலே அரைப்பாங்க? வாசம் வர வேண்டாமா? ரெண்டு தடவையும் நாந்தான் வறுத்து டப்பாவுல போட்டேன்" என்கிறார். நான் அலுவலகத்தில் இருந்த நேரத்தில் இரும்புச் சட்டியில் போட்டுச் சிவக்க வறுத்திருக்கிறார்.

டவுன் ஆச்சி:
உங்கள் அம்மா மேல் தப்பில்லை. குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச அப்படித்தான் வறுப்போம், வாசமும் வரும், வண்டும் பிடிக்காது. எனக்கு நொதி கிதி தெரியாது. ஆனால் வெயிலில் மட்டும் காய்ந்த முளைக் கேப்பையில் கஞ்சி வைத்தால் கெட்டியாகவே நிற்காது, நீர்த்துப் போகும். வறுத்ததில் வைத்தால் கெட்டியாக நிற்கும். அதை வைத்துத்தான் கேட்டேன்.

முளை கட்டும் பதமும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஊறப் போட்டு, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்க விடுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டு நாள் போதாது, மூன்றாம் நாள் முளை நன்றாக நீண்ட பிறகு எடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மொட்டைமாடியில் இரண்டு நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். அப்புறம் உள்ளங்கையில் கசக்கி முறத்தில் புடைத்தால் முளையும் வேரும் பறந்துவிடும். அது கிடந்தால் கசக்கும்.

அம்பைக்காரன், ஜீலாங்:
ஆச்சி, காலில் விழுகிறேன். நான் டிகிரி டிகிரியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், நொதி இரும்புச் சட்டியிலேயே செத்திருக்கிறது. கஞ்சி நீர்த்துப் போகிறது என்றீர்களே, அதுதான் நொதி செய்கிற வேலை.

தம்பி, இன்னொன்றும் இருக்கிறது. கேப்பை மாவு வெந்து இளக பார்லியைவிடக் கூடுதல் சூடு கேட்கும். 65-இல் வைத்தால் நொதி உயிரோடு இருக்கும், மாவு பாதி வேகாது. சூட்டை ஏற்றினால் மாவு வேகும், நொதி போகும். இதற்குச் சிறுதானியத்தில் செய்கிறவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நொதியைத் தனியே எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, மாவை வேக வைப்பது.

வறுக்காத கேப்பை ரவை ஒரு கிலோவை, கைபொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி, மூன்று லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வையுங்கள். நொதி தண்ணீரில் இறங்கிவிடும். ரவை அடியில் படிந்ததும் மேல் தெளிவு ஒன்றரை லிட்டரை மெதுவாக அகப்பையால் மொண்டு வேறு பாத்திரத்தில் வையுங்கள். இதை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். அடியில் இருப்பதோடு இன்னும் இரண்டு லிட்டர் சேர்த்து, கிண்டிக்கொண்டே இருபது நிமிஷம் கொதிக்க விடுங்கள். பை வேண்டாம், அடிபிடித்துக் கருகும். இப்போது கிடைப்பது அசல் கூழ். அது 74-க்கு ஆறியதும் எடுத்து வைத்த தெளிவை ஊற்றிக் கலக்கினால் மொத்தமும் 65 பக்கம் வந்து நிற்கும். அப்புறம் வேறொரு பானையில் இட்லித் தட்டைக் கவிழ்த்து, மேலே பையை விரித்து, இதை ஊற்றி ஜமுக்காளத்தில் சுற்றுங்கள். ஒன்றரை மணி நேரம்.

கரிசல்:
எங்கள் பக்கம் சோளம் மலிவு. அதில் செய்யலாமா?

அம்பைக்காரன், ஜீலாங்:
ஆப்பிரிக்காவில் சோள மால்ட்டில்தான் செய்கிறார்கள், ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம். சோள முளையிலும் வேரிலும் சயனைடு விடுகிற பொருள் இருக்கிறது. இளஞ்சோளத்தை மேய்ந்து மாடு செத்த கதை கரிசல்காட்டுக்காரர் உங்களுக்குத் தெரியாததா? கேப்பையில் அந்தத் தொல்லை இல்லை.

கரிசல்:
அதை மறந்துபோனேன். தம்பிக்கு ஒரு வார்த்தை: ருசி பிடித்துப்போய் ஈஸ்ட் பக்கம் திரும்பிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிக்கு பீர் வடிக்கலாம், இங்கே வீட்டில் வடித்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. 1937-ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் பனையேறிகளுக்கே 1987-லிருந்து கள் இறக்கத் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர்தான் இறக்குகிறார்கள்.

பாளை மாடி:
எனக்கு அந்த எண்ணமே இல்லை அண்ணாச்சி. இறக்கினதும் காய்ச்சி, ஆற்றி, ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிடுவேன்.

பாளை மாடி:
பத்து நாள் கழித்து. வந்துவிட்டது!

ஆச்சி சொன்ன மாதிரி மூன்று நாள் முளை, வெயில் காய்ச்சல், முறத்தில் புடைத்தது. இரும்புச் சட்டியை நானே பரணில் ஏற்றிவிட்டேன். கூழ் கொதித்து முடிந்தபோது கரண்டி நட்டமாக நிற்கும் அளவுக்குக் கெட்டி. இது எங்கே வடியப்போகிறது என்று நம்பிக்கையே போய்விட்டது. 74-க்கு இறங்கியதும் தெளிவை ஊற்றிக் கிண்டினேன். முதலில் கட்டி கட்டியாக நின்றது. ஐந்து நிமிஷம் இருக்கும், கையில் கனம் குறைகிற மாதிரி இருந்தது. பத்தாவது நிமிஷம் கரண்டியிலிருந்து ரசம் மாதிரி ஒழுகுகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தண்ணி ஊத்துனியாலே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அயோடின் பழுப்பாகவே நின்றது. மூன்றரை லிட்டர் கிடைத்தது. நிறம் அத்தானுடையது போலத் தேன் நிறம் இல்லை, கருப்பட்டிக் காப்பியில் பால் விட்ட மாதிரி. கருப்பட்டி அளவு இனிப்பு இல்லை, பதநீருக்குக் கொஞ்சம் கீழே. கடைசியில் நாக்கில் லேசான துவர்ப்பு நிற்கிறது.

ஒரு சேதாரம். பையை மாடிப்படிக் கம்பியில் கட்டித் தொங்க விட்டிருந்தேன், மூலைத் தையல் பிரிந்து கால்வாசி ரவை பானைக்குள்ளேயே விழுந்துவிட்டது. மறுபடி வடிகட்ட வேண்டியதாயிற்று. அந்தத் துவர்ப்பு நான் பையை முறுக்கிப் பிழிந்ததால் வந்ததா?

அம்பைக்காரன், ஜீலாங்:
பிழிந்தால் துவர்க்கும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, நான் எப்போதும் பிழிகிறவன், எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. கேப்பைத் தோலிலேயே துவர்ப்பு உண்டு, அதைக் கொதிக்கவும் வைத்தீர்கள். அடுத்த முறை ரவையை இன்னும் கொஞ்சம் பெரிதாக உடைத்துப் பாருங்கள், தோல் பொடியாகாமல் இருக்கும். பைக்கு இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள், அடியில் குறுக்காக ஒரு நாடாவும்.

அல்வாக் கை:
பிழிந்த சக்கையைக் கொட்டிவிடாதீர்கள், மாட்டுக்கு வையுங்கள்.

பாளை மாடி:
பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்தாயிற்று அண்ணாச்சி. இன்று காலையில் அது எங்கள் வாசலில் வந்து நிற்கிறது.